இரண்டாவது ஊரின் பெண்கள்

சில ஆண்டுகளாக எனக்கு ஒரு துணைவேலை இருக்கிறது. நர்சிங்கில் முதுகலை படிக்கும் பெண்கள் தங்கள் தீசிஸுக்கான கேள்வித்தாளையும் ஒப்புதல் படிவத்தையும் தமிழாக்கி எடுத்துக்கொண்டு பேராவூரணியில் உள்ள என் வீட்டுக்கு வருவார்கள். தமிழ் சரியாக இருக்கிறது என்று தமிழில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் சான்றிதழ் தர வேண்டும். அது தீசிஸின் பின்னிணைப்பில் ஒரு பக்கமாகச் சேரும். சந்திப்பிழை பார்த்து, ‘வினாக்கள்’ என்பதை ‘கேள்விகள்’ என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். ஒரு படிவத்தில் மட்டும் என் பேனா நின்றது. இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

அந்தப் பெண் கொண்டுவந்த ஆய்வு கருப்பைவாய்ப் புற்றுநோய் பற்றியது. இரண்டு ஊர்கள். ஊருக்கு முப்பது பெண்கள். எல்லாரும் தென்னந்தோப்பிலும் கயிறு, மட்டைக் களங்களிலும் வேலை செய்பவர்கள். முதல் ஊரில் வீடியோ காட்டி, புற்றுநோயைப் பற்றியும் பரிசோதனையைப் பற்றியும் விளக்குவார்கள். முன்னும் பின்னும் கேள்வித்தாள் கொடுத்து அறிவு கூடியதா என்று பார்ப்பார்கள். இரண்டாவது ஊரில் கேள்வித்தாள் மட்டும். அந்த ஊருக்கான தாளில் ‘நீங்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் உள்ளீர்கள்’ என்று ஒரு வரி இருந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

“கட்டுப்பாட்டுக் குழுன்னா என்னம்மா?”

“கன்ட்ரோல் குரூப் மேடம். அவங்களுக்கு எதுவும் குடுக்க மாட்டோம். ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு மட்டும்தான்.”

“அது அவங்களுக்குத் தெரியுமா?”

“சொன்னா ரிசல்ட் மாறிடும்னு கைடு சொன்னாங்க மேடம்.”

எங்கள் பக்கத்தில் கட்டுப்பாடு என்றால் ஊர்க் கட்டுப்பாடு. யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தப் பெண் யாரோடு பேசலாம் என்று முடிவு செய்கிற சொல் அது. ‘நீங்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் இருக்கிறீர்கள்’ என்று ஒரு களத்துப் பெண்ணிடம் படித்துக் காட்டினால் அவள் என்ன நினைப்பாள்? அந்தச் சொல்லை அடித்து ‘ஒப்பீட்டுக் குழு’ என்று எழுதினேன். ஆனால் சொல்லை மாற்றுவதால் தீர்கிற விஷயமாக அது தெரியவில்லை.

“இந்த முறையை ஏம்மா எடுத்துக்கிட்ட?” என்று கேட்டேன்.

போன வருடம் ஒரு சீனியர் அக்கா இதே முறையில் செய்த தீசிஸ் லைப்ரரியில் இருக்கிறது என்றாள். தரவு சேகரிக்க ஆறு வாரம்தான் நேரம். இரண்டு குழு வைத்தால் தேர்வாளர் மதிப்பார். ஒரே குழு என்றால் ‘வீக் டிசைன்’ என்பார்களாம்.

“உனக்கு உண்மையில என்ன தெரிஞ்சுக்கணும்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள். “ஆரம்ப சுகாதார நிலையத்துல போஸ்டிங் போட்டிருந்தாங்க மேடம். சுகர் பாக்க வர்றாங்க, பிரஷர் பாக்க வர்றாங்க. இந்தப் பரிசோதனைன்னா மட்டும் ‘அடுத்த வாரம் வர்றேன்’னுட்டுப் போயிடறாங்க. ஏன் வர மாட்டேங்கறாங்கன்னுதான் தெரிஞ்சுக்கணும்.”

அவளுடைய கேள்வி ‘ஏன்’. அவள் எடுத்த வடிவமைப்பு பதில் சொல்வதோ ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு. முதுகலை மாணவிகள் பலர் இப்படித்தான் ஆய்வு வடிவமைப்பைத் தேர்கிறார்கள். நேரம், வழிகாட்டியின் பழக்கம், தேர்வாளரின் மதிப்பு, அலமாரியில் உள்ள பழைய தீசிஸ் ஆகியவை தேர்ந்துவிடுகின்றன. கேள்வி கடைசியில் வந்து அதற்குள் உட்காருகிறது. நான் இலக்கியக்காரி. மருத்துவ ஆய்வு எனக்குப் புதிது. அவளை இரண்டு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டு, இந்த ஒப்பீட்டுக் குழு எங்கிருந்து வந்தது என்று படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் அதன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு மருந்து கொடுக்கிறோம், குணமாகிறார். மருந்தால் குணமானாரா, தானாகக் குணமானாரா? மருந்து பெறாத, மற்றபடி அவரைப் போன்றவர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். யார் எந்தக் குழுவில் என்பதை மருத்துவர் தீர்மானித்தால், பிழைத்துவிடுவார் என்று தோன்றுபவருக்கே மருந்து போகும். அதனால் சீட்டுப் போட்டுப் பிரிக்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை இருக்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுக்கிற கைக்கு விருப்பு வெறுப்பு இருக்கக் கூடாது என்பதுதான் அங்கேயும் நோக்கம்.

நவீன மருத்துவத்தில் இந்த முறைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது காசநோய். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் கொஞ்சம்தான் கிடைத்தது. எல்லாருக்கும் போதாது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லின் யோசனைப்படி, ஒட்டிய உறைகளில் வைத்த சீட்டுகளால் நோயாளிகளைப் பிரித்தது. 55 பேருக்கு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்திருந்தார்கள். 1948இல் முடிவு வெளியானது. மருந்து கிடைக்காத அந்த 52 பேருக்குத் தாங்கள் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை. அறிக்கையே அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. மருந்துத் தட்டுப்பாடு அந்த ஆய்வுக்கு நியாயம் தந்தது. சொல்லாமல் விட்டதற்கு அந்த நியாயம் பொருந்தாது.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே முறை சென்னைக்கு வந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் ஆகிய நான்கும் சேர்ந்து செய்த ஏற்பாடு. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். அப்போது நாட்டில் இருந்த காசநோயாளிகளோடு ஒப்பிட்டால் சானடோரியப் படுக்கைகள் மிகக் குறைவு. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு சானடோரியத்துக்கு, மறு குழு தன் வீட்டுக்கு. இரு குழுவுக்கும் ஒரே மருந்து. ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஓராண்டுக்கு. இங்கே யாரும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒப்பிட்டது இடத்தைத்தான்.

1959இல் முடிவு வந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைவிட மோசமாகத்தான் சாப்பிட்டார்கள், ஓய்வும் குறைவு. அப்படியும் குணமானார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட ஓய்வு என்று பல பத்தாண்டுகளாக நம்பியிருந்ததை இந்த ஒரு ஆய்வு அசைத்துவிட்டது. காசநோய்ச் சிகிச்சை வீடு தேடி வந்ததற்கு இது முக்கியமான காரணம். வடிவமைப்பு சரியாக அமைந்தால் அது எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே உள்ள சாட்சி இது.

ஆனாலும் ஒரு பெண்ணாக அதைப் படிக்கும்போது ஒரு கேள்வி வருகிறது. சானடோரியத்தில் சமைத்தவர், துணி துவைத்தவர், சளிக் கிண்ணம் கழுவியவர் எல்லாம் சம்பளக்காரர்கள். வீட்டில் அவற்றையெல்லாம் யார் செய்திருப்பார்கள்? மனைவியோ, தாயோ, பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட மகளோ. நோயாளியே பெண் என்றால் இருமிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்திருப்பாள். ‘வீடு’ என்பது ஒப்பீட்டின் ஒரு பக்கமாக நின்றது. வீட்டை வீடாக நடத்துகிற உழைப்பு செலவுக் கணக்கில் ஏறவில்லை. ஆய்வு தவறு என்று சொல்ல வரவில்லை. சளியில் கிருமி உண்டா இல்லையா என்று கேட்டது, அதற்குச் சரியாகப் பதில் சொன்னது. எதை அளப்பது என்று முடிவு செய்யும்போதே எதை அளக்காமல் விடுவது என்பதும் முடிவாகிவிடுகிறது என்பதைத்தான் மாணவிகள் கவனிக்க வேண்டும்.

அளக்காமல் விட்டதை அளந்த ஒரு ஆய்வும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மகப்பேறு மருத்துவர் ராணி பங்கும் அவருடைய குழுவினரும் செய்தது. 1989இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அதில் மருந்தும் கிடையாது, சீட்டுக் குலுக்கலும் கிடையாது. தேர்வாளர்கள் ‘வீக் டிசைன்’ என்று ஒதுக்கக்கூடிய, ஒரு காலத்தில் ஓர் இடத்தில் எண்ணிப் பார்க்கிற குறுக்குவெட்டு ஆய்வு. ஆனால் அவர்கள் எண்ணியது ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களை அல்ல. இரண்டு கிராமங்களுக்குப் போய், நோய் இருக்கிறது என்று சொன்னவர், இல்லை என்று சொன்னவர் எல்லாருமாக 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மகளிர் நோய் இருந்தது. அதற்குமுன் எப்போதாவது அதற்கென்று பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம் மட்டுமே.

ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எவ்வளவு நுட்பமான சோதனை நடத்தினாலும் இந்த 92 வெளியே வந்திருக்காது. வராதவர்களைப் பற்றிய ஆய்வை, வந்தவர்களை வைத்துச் செய்ய முடியாது. பெண்களின் ஆரோக்கியம் என்றால் கர்ப்பமும் கருத்தடையும்தான் என்று திட்டங்கள் இருந்த காலத்தில், மீதிப் பெண்ணையும் பார்க்க வைத்தது அந்த எளிய எண்ணிக்கை. வடிவமைப்புகளை ஏணிப்படிபோல் மேல் கீழ் என்று அடுக்கிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஏணியின் உச்சிப்படி எப்போதும் சிறந்தது என்று மாணவிகள் எடுத்துக்கொள்கிறார்கள். எந்தச் சுவரில் சாய்த்திருக்கிறோம் என்று பார்க்காமல் ஏறி என்ன பயன்?

இனி என் பேனா நின்ற இடத்துக்கு வருகிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோயை வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைக் கொண்டே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நீர்த்த அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பார்த்தால், மாற்றம் கண்ட திசு வெள்ளையாகத் தெரியும். லேப் வேண்டாம், பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். இது சாவைக் குறைக்குமா என்று அறிய 2000இல் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையமும் பிரான்சில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் அதில் பங்கேற்றன. 30 முதல் 59 வயதுப் பெண்கள். ஆளாளாகப் பிரிக்காமல் ஊர் ஊராகப் பிரித்தார்கள். ஒரே தெருவில் ஒருத்திக்குப் பரிசோதனை, பக்கத்து வீட்டுக்காரிக்கு இல்லை என்றால் குழாயடியில் பேச்சு பரவிவிடும் அல்லவா? மொத்தம் 114 தொகுதிகள். 57க்குப் பரிசோதனை. 57க்கு வழக்கமாகக் கிடைப்பது, அதாவது அப்போது பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லை.

பரிசோதனைக் குழுவில் 49,311 பெண்கள். அவர்களில் 31,343 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். நர்சுகளே பார்த்தார்கள், தேவைப்பட்ட இடத்தில் நர்சுகளே உறைய வைத்துச் சிகிச்சையும் செய்தார்கள். ஒப்பீட்டுக் குழுவில் 30,958 பெண்கள். 2006 வரை பின்தொடர்ந்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் குழுவில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 83 பேர், இரண்டாவதில் 90 பேர். பார்க்கப் பெரிய வித்தியாசம் இல்லாததுபோலத் தோன்றும். முதல் குழு மிகப் பெரியது என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு பெண்ணையும் எத்தனை ஆண்டு பின்தொடர்ந்தார்கள் என்று கூட்டினால், முதல் குழுவில் 2,74,430 ஆண்டுகள், இரண்டாவதில் 1,78,781. லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 30 சாவு, 50 சாவு. வயது முதலியவற்றைச் சரிக்கட்டிய பிறகு சாவு 35 சதவீதம் குறைந்தது என்று அறிவித்தார்கள். ஒரே ஒருமுறை செய்த பரிசோதனைக்குக் கிடைத்த பலன் இது.

மகாராஷ்டிரத்தில் மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் இதுபோன்ற ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் பரிசோதனை பெறாத குழுக்களில் இருந்தவர்கள் 1,38,624 பெண்கள். அவர்களில் குறைந்தது 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள் என்று கணக்கிட்டு, அமெரிக்க நோயியல் மருத்துவர் எரிக் சுபா கேள்வி எழுப்பினார். பேப் பரிசோதனை பலன் தருகிறது என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் தராத குழு எதற்கு? எந்தப் பரிசோதனை மேல் என்று ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டிருக்கலாமே? ஆய்வாளர்களின் பக்கமும் இருக்கிறது. இந்தியக் கிராமத்தில் வழக்கமாகக் கிடைப்பது ஒன்றுமில்லைதான், ஆய்வு இல்லாவிட்டாலும் அந்தப் பெண்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. சாவு குறைகிறது என்று காட்டினால்தான் அரசாங்கம் காசு ஒதுக்கும். இரண்டாவது வாதத்தை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. உலக வங்கி உதவியோடு தமிழக அரசு நடத்திய சுகாதாரத் திட்டத்தில் இந்தப் பரிசோதனை முதலில் சோதனை முயற்சியாக வந்தது தேனியிலும் எங்கள் தஞ்சாவூர் மாவட்டத்திலும்தான். பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. இன்று எங்கள் ஊர்ப் பெண் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் இதைச் செய்துகொள்ள முடிகிறது என்றால், திண்டுக்கல் பெண்களுக்கும் அதில் பங்குண்டு. பரிசோதனை பெற்றவர்களுக்கு மட்டுமல்ல, பெறாத 30,958 பேருக்கும்.

முதல் வாதம் மட்டும் எனக்கு நெருடுகிறது. ‘அவர்களுக்கு வழக்கமாக ஒன்றும் கிடைக்காது’ என்பது இயற்கை விதி அல்ல. அது ஒரு வரலாறு. யாரோ தராததால் கிடைக்காமல் போனது. அந்த இல்லாமையையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிற ஆய்வு, இல்லாமையோடு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது.

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1986இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. அங்கும் தட்டுப்பாடுதான், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க முடியாது. நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதிக்கு முதலில் என்று சீட்டுப் போட்டார்கள். நான்கு ஆண்டுகளில் ஒவ்வொரு பகுதியாகத் தடுப்பூசி நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது. இன்னும் பெறாத பகுதி, பெற்ற பகுதிக்கு ஒப்பீடாக நின்றது. இங்கே சீட்டு தீர்மானித்தது வரிசையை மட்டும். கிடைக்குமா கிடைக்காதா என்பதை அல்ல. முறைமாற்றித் தண்ணீர் விடுகிற கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரர்களுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. முறை எப்போது என்று தெரிந்து காத்திருப்பது வேறு, முறையே இல்லாமல் காய்வது வேறு.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் வந்தபோது இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். தன் படிப்பில் ஹெல்சின்கி பிரகடனத்தையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிமுறைகளையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தாள். திண்டுக்கல்லில் பரிசோதித்தவர்கள் நர்சுகள் என்பது அவளுக்குப் புதுச் செய்தி. “நர்சுங்களேவா மேடம்?” என்று இரண்டுமுறை கேட்டாள்.

அவளுடைய வழிகாட்டியிடம் அவளே போய்ப் பேசினாள். இரண்டாவது ஊருக்கும், கடைசிக் கேள்வித்தாள் முடிந்த மறுநாள் அதே வீடியோ, அதே விளக்கம், சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகிற ஏற்பாடு. அதற்கு அனுமதி கிடைத்தது, ஒப்பீடும் கெடவில்லை. ‘ஏன் வரவில்லை’ என்று பத்துப் பெண்களிடம் உட்கார்ந்து பேசுகிற பகுதியை மட்டும் சேர்க்க விடவில்லை. நேரம் இல்லை என்று பதில் வந்தது. அவள் ‘ஏன்’ அவளிடமே இருக்கிறது. அடுத்த படிப்புக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஒப்புதல் படிவத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து திருத்தினோம். ‘உங்கள் ஊருக்கு இந்த விளக்கம் நான்கு வாரம் கழித்துத் தரப்படும். அதுவரை காத்திருக்க விருப்பமில்லை என்றால் இன்றே சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளலாம், அதனால் உங்களுக்கு எந்தப் பாதகமும் இல்லை.’ இப்படிச் சொன்னால் சிலர் இடையிலேயே போய்ச் செய்துகொள்வார்கள், கணக்கு கொஞ்சம் மங்கும். மங்கட்டும் என்றாள். இந்த இரண்டு வரிகளையும் எழுத ஒரு சாயங்காலம் ஆனது. நான் இதுவரை திருத்திய தமிழிலேயே கடினமானது இதுதான்.

அச்சடிக்கும் முன் என் வீட்டுக்குத் தேங்காய் உரிக்க வருகிற அக்காவிடம் படித்துக் காட்டச் சொன்னேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, “நாலு வாரம் ஏன் தாயி? அவுங்களுக்கு மட்டும் முன்னாடி எப்படி?” என்றார். அந்தப் பெண் சீட்டுப் போட்டதைச் சொன்னாள். “சீட்டுன்னா சரி” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, “டீச்சரு, நீங்க இத பாத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டார்.

எனக்கு 46 வயது. முப்பது வயதைக் கடந்த பெண்கள் செய்துகொள்ள வேண்டும் என்று அந்தப் படிவத்தில் நானே பிழை திருத்தியிருந்தேன். நான் ஒருமுறைகூடச் செய்துகொண்டதில்லை. ஏன் என்று கேட்டால் என்னிடமும் ‘அடுத்த வாரம்’ என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. மறுவாரம் நானும் அக்காவும் சேர்ந்து போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.